இணைப்புச் சொல்லும் ஆய்வு நெறியும்
தமிழ்மொழிமூல ஆய்வேடுகளின் உரைநடை பற்றிய சில கருத்துகள்

1

ஆய்வேடு ஒன்றை மதிப்பிடுமிடத்து அதன் பொருட்புதுமை, சான்றாதாரங்கள், கலைச்சொற்கள், அடிக்குறிப்புகள் என்பனவே பெரிதும் நோக்கப்படுகின்றன. ஒரு கூற்றுக்கும் அடுத்த கூற்றுக்கும் இடையில் நிற்கும் ஆகவே, எனவே, ஆனால், எனினும், மேலும், அதேவேளை முதலிய சிறு சொற்கள் எவராலும் கவனிக்கப்படுவதில்லை. அவை நடைசார்ந்த சிறு விடயங்கள் என்றும், அச்சுப்படி திருத்துவோர் பார்த்துக்கொள்ளத்தக்கன என்றும் ஓர் எண்ணம் நிலவுகின்றது.

இவ்வெண்ணம் பொருத்தமற்றது என்பதே நமது கருத்தாகும். இரண்டு உண்மைகளைத் தனித்தனியே கூறுவதும், அவ்விரண்டிற்குமிடையே ‘ஆகவே’ என்ற சொல்லை இடுவதும் ஒன்றல்ல. பின்னையதிற் மூன்றாவது கூற்றொன்றும் அடங்கியிருக்கின்றது: முதலாவது இரண்டாவதற்குக் காரணம் என்பதே அது. முதலிரு கூற்றுகளுக்கும் அடிக்குறிப்பிட்டுச் சான்று காட்டும் ஆய்வாளர் இம்மூன்றாவதற்குச் சான்று காட்டுவது அரிது. ஆயின் ஆய்வின் உயிர்நிலை இம்மூன்றாவது கூற்றிலேயே தங்கியுள்ளது. முதுகலைமாணி, முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்காகத் தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளின் பொதுவான குறைபாடு ஒன்றை இந்நோக்கில் ஆராய்வதும், அதன் சமூக அடிப்படையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

2

தமிழிலே தருக்க நெறிப்பட்ட இணைப்பு ஆங்கிலத்தின் வழி வந்தது என்று கருதுவோர் உளர். இலக்கண மரபை நோக்குமிடத்து இக்கருத்து நிலைபெறாது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஏழாவது இடையியலாகும். இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும். தனித்தியங்கும் இயல்பு அதற்கில்லை என்பது தொல்காப்பியர் கொள்கை. எனினும் தனித்தியங்காத அச்சொற்களுக்கு ஓர் இயலையே ஒதுக்கி அவர் பொருள் வரையறுத்தார். உம் என்னும் இடைச்சொல்லுக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்கள் கூறப்படுகின்றன. ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து.

இன்று நாம் வாக்கியத்தின் தலையில் வைக்கும் சொற்கள் பல இவற்றின் சேர்க்கையாற் பிறந்தவையே. மேல் என்பதனோடு உம் சேர மேலும் ஆயிற்று. ஆயின், எனின் என்பவற்றோடு உம் சேர ஆயினும், எனினும் ஆயின. ஆக, என என்பவற்றோடு ஏகாரம் சேர ஆகவே, எனவே ஆயின. ஈற்றில் நிற்கும் ஏகாரத்தைத் தேற்றப் பொருளதாகக் கொள்ளலாம். அவ்வாறாயின் ‘ஆகவே’ என எழுதுபவர், தாம் அறிந்தோ அறியாமலோ, காரணத்தோடு தேற்றத்தையும் சேர்த்தே எழுதுகின்றார். அத்தேற்றத்தைச் சான்று தந்ததா, அன்றி ஏகாரம் மட்டுமே தந்ததா என்பது கேட்கப்படவேண்டிய வினாவாகும்.

மேலும் ஒரு வேறுபாடு இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஆகவே என்பது ஆதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. எனவே என்பது என் என்னும் சொல்லுதற் பொருள்தரும் வினையடியாகப் பிறந்தது. முன்னையது உலகில் ஒன்று நிகழ அதன் விளைவாக இன்னொன்று நிகழ்வதையும், பின்னையது ஒன்று சொல்லப்பட அதிலிருந்து இன்னொன்று பெறப்படுவதையும் சுட்டுவதற்கு ஏற்றவை. வழக்கிலே இவ்வேறுபாடு மங்கிவிட்டது உண்மையே. எனினும் நிகழ்ச்சிக் காரணத்தையும் அறிதற் காரணத்தையும் ஒன்றோடொன்று மயக்காதிருக்க விரும்பும் ஆய்வாளருக்கு மொழியே தந்த கருவியாக இதனைக் கொள்ளலாம்.

ஆனால் என்ற சொல்லும் அவ்வாறே. அதன் வடிவம் நிபந்தனை வடிவமாகும். ‘அவ்வாறு ஆனால்’ என்பதே அதன் அடிப்பொருள். ஒன்றை ஏற்றுக்கொண்டு, ஏற்றதன் மேல் நின்றே அதன் எல்லையைக் காட்டும் சொல்லாக அது தமிழில் உருவாகியுள்ளது. முன்னர்க் கூறியதை முற்றாகக் கைவிட்டு வேறொன்றுக்குத் தாவுவதற்கு அதனைப் பயன்படுத்துவது அச்சொல்லின் பிறப்புக்கே முரணானது.

இடைக்கால உரையாசிரியர்களிடம் இக்கருவிகள் முழு வளர்ச்சி பெற்றிருந்தன. அற்றேல், அஃதேல், என்னையெனின், ஆகலின், அங்ஙனமாயின், என்பாரும் உளர் போன்ற தொடர்கள் அவர்களுடைய உரைகளில் தடைவிடை முறையின் மூட்டுகளாக நிற்கின்றன. இளம்பூரணரைச் சேனாவரையர் மறுக்குமிடங்களையும், பதினெட்டாம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் தமது மாபாடியத்திற் பிறர் கொள்கைகளை எதிர்கொள்ளுமிடங்களையும் பயின்றோர் இதனை நன்கறிவர். அவ்வுரைநடை எதிராளி ஒருவரை முன்னிருத்தியே எழுதப்பட்டது. இணைப்புச் சொல் ஒவ்வொன்றும் அவ்வெதிராளி எழுப்பக்கூடிய தடைக்கு விடையாக நின்றது. மடங்களையும் ஆசிரியர் – மாணாக்கர் பரம்பரைகளையும் சார்ந்திருந்த அக்கல்வி, பிறப்பாலும் பொருளாலும் சிலருக்கே உரித்தாயிருந்தது என்பதை மறத்தலாகாது. அதனை அவ்வாறே மீட்பது நமது விருப்பமன்று. ஆயினும் அம்மரபின் தருக்கக் கருவிகள் நவீன ஆய்வுரைநடைக்குக் கைமாறவில்லை என்பது ஆராயப்படவேண்டிய ஒன்றாகும்.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சையும் பாடசாலையையும் கருவியாகக் கொண்டு உரைநடையைப் பரந்த வாசகரிடம் கொண்டு சென்றார். நிறுத்தக் குறியீடுகளைத் தமிழ் உரைநடையிற் பரவலாகக் கையாண்ட முன்னோடிகளுள் அவரும் ஒருவர். கண்டனப் பிரசுரங்களில் அவர் கையாண்ட உரைநடையில் உரையாசிரியர்களது தடைவிடை முறை புது வாசகரை நோக்கித் திருப்பப்பட்டதை நாம் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டில் அறிவியலையும் சமூகவியல்களையும் தமிழிற் கற்பிக்கும் தேவை எழுந்தபோது அறிஞர் கவனம் கலைச்சொல்லாக்கத்தின் மீது குவிந்தது. 1930களிற் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க முயற்சிகளில் விபுலாநந்த அடிகள் பங்குபற்றினார். இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. 1960ஐ அண்டிய ஆண்டுகளில் அன்றைய இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கலைத்துறைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. இவை யாவும் மக்கள் மொழியில் உயர்கல்வி என்னும் சனநாயகக் கோரிக்கையின் பயன்கள். அவற்றின் பெறுமதியைக் குறைத்துக் கூறுதல் தகாது.

எனினும் அம்முயற்சிகளின் இயல்பை நோக்குதல் வேண்டும். கலைச்சொல் எனப்பட்டவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களே. உற்பத்தி உறவு, நுண்பாகம், நாணயமாற்று, கருதுகோள் ஆகியவற்றுக்குத் தமிழ் கிடைத்தது. கருதுகோளையும் தரவையும், தரவையும் முடிபையும் தொடுக்கும் சொற்களுக்கு எக்குழுவும் கூடவில்லை. அவை ஏற்கெனவே மொழியில் உள்ளன, எல்லோருக்கும் தெரிந்தவை என்று கொள்ளப்பட்டது. செங்கற்கள் அச்சிட்டு அடுக்கப்பட்டன. சாந்து குழைக்கும் வேலை மட்டும் கற்பிக்கப்படாமல் விடப்பட்டது.

முதல் தலைமுறை ஆய்வாளர்களிடம் இவ்வெற்றிடம் வெளிப்படாமைக்குக் காரணம் உண்டு. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் தமது கலாநிதிப் பட்ட ஆய்வுகளைப் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆங்கிலத்திற் செய்தவர்கள். மரபுவழித் தமிழ்ப் புலமையோடும் பரிச்சயம் கொண்டிருந்த அவர்கள், இரு மரபுகளின் தருக்கப் பயிற்சியையும் தமது தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தனர். பின்வந்த தலைமுறையினர் தமிழிலேயே கற்றுத் தமிழிலேயே ஆய்வேடு எழுதுவோர். இது வளர்ச்சியே. ஆனால் உரையாசிரியர்களைப் பாடநூலாக மட்டும் அறிந்து, ஆங்கில ஆய்வுரைநடையோடு போதிய தொடர்பும் பெறாத அவர்களுக்கு அத்தருக்கப் பயிற்சியை வழங்கும் பொறுப்பைப் பாடத்திட்டம் ஏற்கவில்லை.

4

பாடத்திட்டம் ஏற்காத பொறுப்பைப் பரீட்சை வேறொரு வகையில் ஏற்றுக்கொண்டது. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இயங்கும் தனியார் வகுப்புகளில் உயர்தர மாணவர் பெறும் குறிப்புகளை எடுத்துக்கொள்வோம். ‘காரணங்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஆறு புள்ளிகள். ‘விளைவுகள்’ என்ற தலைப்பின் கீழ் ஆறு புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு இத்தனை மதிப்பெண் என்ற கணக்கிலே விடை திருத்தப்படுமெனின், எந்தக் காரணம் எந்த விளைவைத் தந்தது என்று எழுதுவதற்கு மாணவருக்குத் தேவையுமில்லை, நேரமுமில்லை. புள்ளிகளை வாக்கியமாக்கும்போது இடையில் மேலும், அத்துடன், இதுமட்டுமன்றி என்ற சொற்களை இட்டால் விடை கட்டுரை வடிவம் பெற்றுவிடும்.

இவ்வுரைநடையே பட்டப்படிப்பினூடாக ஆய்வேட்டினுள்ளும் நுழைகின்றது. பகலிற் பாடசாலையிற் கற்பித்து, மாலையில் வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் நூல் தேடி, வார இறுதி விரிவுரைகளுக்குச் சென்று ஆய்வேடு எழுதும் ஆசிரியர்களின் உழைப்பை நாம் அறிவோம். இவ்வாறு உழைப்போரின் ஏட்டிலும் இருபது பக்கங்களுக்கு ‘மேலும்’ என்ற சொல்லே தொடுப்பாக நிற்பதும், முடிவுரையில் மட்டும் திடீரென ‘ஆகவே’ தோன்றுவதும் அரிய காட்சிகளல்ல. ‘சிந்தனைத் தெளிவு போதாது’ என்பது அத்தகைய ஏட்டுக்கு வழங்கப்படும் வழமையான தீர்ப்பாகும். தனிமனிதரின் அறிவுக்குறையாகக் காட்டப்படும் இது, உண்மையில் மதிப்பெண்ணைப் புள்ளிகளாற் பங்கிடும் ஒரு கல்வி முறையின் விளைபொருளாகும்.

5

ஆங்கில மொழியில் வாக்கியங்களுக்கிடையிலான பிணைப்பை ஆராய்ந்த ஹலிடேயும் ஹசனும் தமது 1976ஆம் ஆண்டு நூலில் இணைப்புகளைக் கூட்டல், எதிர்நிலை, காரணம், காலம் என நான்காக வகுத்தனர். இப்பாகுபாடு தமிழுக்கும் பயன்படும். எனினும் தமிழின் தனித்தன்மை ஒன்றை இங்கு கருத்திற் கொள்ளல் வேண்டும். தமிழில் இணைப்பின் பெரும்பகுதி வாக்கியத் தலையில் நிற்கும் தனிச்சொற்களால் அன்றி, வினையின் உள்ளேயே நிகழ்கின்றது. வந்து, வர, வந்தால், வந்ததனால், வந்தும், வந்தாலும் என்பன யாவும் இணைப்புகளே. இவற்றுள் ‘வந்து’ போன்ற இறந்தகால வினையெச்சம் காலத்தையும் காரணத்தையும் பிரிக்காமற் சுட்ட வல்லது. ‘அச்சியந்திரம் வந்து உரைநடை வளர்ந்தது’ என்ற வாக்கியத்தைப் பார்ப்போம். அச்சு வந்தபின் வளர்ந்ததா, அச்சினால் வளர்ந்ததா? பேச்சில் இந்நெகிழ்ச்சி ஒரு வசதி. ஆய்விலோ அது நிறுவப்படாத காரணத்தை நிறுவப்பட்டது போலக் கடத்திவிடும். ‘இதனைத் தொடர்ந்து’, ‘இதன் பின்னணியில்’ என்ற தொடர்களும் இத்தகையனவே. பின்வந்தது யாவும் விளைவு ஆகாது.

மலையக நாட்டார் பாடல்கள் பற்றிய ஆய்வு ஒன்றில் இடம்பெறக்கூடிய இரு வாக்கியங்களை உதாரணமாகக் கொள்வோம். ‘தோட்டப் பாடல்களிற் கங்காணி எள்ளி நகையாடப்படுகின்றான். ஆகவே தோட்டத் தொழிலாளரிடம் வர்க்க உணர்வு வளர்ந்திருந்தது.’ முதல் வாக்கியத்துக்கு சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்த பாடல்களிற் சான்று தேடலாம். இரண்டாவது, தொழிற்சங்க வரலாற்றைக் கொண்டு ஆராயத்தக்கது. இவற்றினிடையே நிற்கும் ‘ஆகவே’ எதனை மறைக்கின்றது? தனிப்பட்ட கங்காணி மீதான வெறுப்பு, கங்காணி முறையின் மீதான எதிர்ப்பாகவும், அது துரைத்தனத்தையும் தோட்ட மூலதனத்தையும் இனங்காணும் உணர்வாகவும் மாறுவதற்குப் பல படிகள் உண்டு. பாடலிலே சிரிப்பாய் வெளிப்பட்ட வெறுப்பு செயலாக மாறாமல் அங்கேயே தணிந்துபோகவும் கூடும். எந்தப் படியை எந்தத் தோட்டத்தில், எந்தக் காலத்தில், எந்த அமைப்பின் வழியே தொழிலாளர் கடந்தனர் என்பதை ஆராய்வதே ஆய்வு. ‘ஆகவே’ என்ற ஒற்றைச் சொல் அவ்வாய்வு முழுவதையும் விழுங்கிவிடுகின்றது.

அவ்விடத்தில் ஆய்வாளர் ‘எனினும்’ என்று எழுத முற்பட்டிருப்பாராயின் என்ன நேர்ந்திருக்கும்? ‘கங்காணி எள்ளி நகையாடப்படுகின்றான், எனினும் அவன் வழியாகவே கடனும் வேலையும் கிடைத்தமையால் தொழிலாளர் அவனைச் சார்ந்தே வாழ வேண்டியிருந்தது.’ இங்கே ஒரு முரண்பாடு வெளிப்பட்டுவிட்டது. அம்முரண்பாட்டிலிருந்து அடுத்த வினா பிறக்கின்றது. இயங்கியல் நோக்குடையோர் ‘எனினும்’ என்ற சொல்லை அஞ்சத் தேவையில்லை. முரண்பாட்டை வாக்கியத்திற்குள் கொண்டுவரும் சொல் அதுவே.

6

இணைப்பின் பொய்மை ஆய்வேட்டோடு நிற்பதில்லை. ‘இத்தீவில் முதலிற் குடியேறியவர்கள் இன்னார், ஆகவே இம்மண் இன்னாருக்கே உரியது’ என்ற வடிவிலமைந்த வாக்கியங்களை நமது நாட்டின் வரலாற்றெழுத்து இருமொழிகளிலும் தந்துள்ளது. முதற்பகுதியின் உண்மை பற்றிக் கல்வெட்டுகளையும் தொல்பொருள்களையும் முன்வைத்து ஏராளமான பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. பண்டைக்காலக் குடியேற்றம் பற்றிய ஒரு முடிபிலிருந்து, இன்று உழைத்து வாழும் மக்களின் அரசியல் உரிமை பற்றிய முடிபு எவ்வாறு பெறப்படும் என்ற வினாவுக்கு அவ்வளவு பக்கங்கள் எழுதப்படவில்லை. சான்றின் கனம் முழுவதும் முற்பகுதியில் ஏற்றப்பட, ‘ஆகவே’ சான்றின்றிக் கடந்துசென்றது. உரிமை என்பது வாழ்வோர்க்குரியது. முதலில் வந்தமையிலிருந்து அது பெறப்படுவதன்று. 1956, 1983 முதலிய ஆண்டுகளைக் கண்ட இந்நாட்டில், ஓர் இணைப்புச் சொல்லின் பின்னால் மக்கள் அணிதிரட்டப்பட முடியும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

மார்க்சிய விமர்சனம் இக்குறைக்கு விதிவிலக்காக நின்றதென்று கூறவியலாது. ‘அக்காலச் சமுதாயம் நிலமானியச் சமுதாயம், ஆகவே அக்கால இலக்கியம் நிலவுடைமையாளரின் கருத்தியலைப் பிரதிபலித்தது’ என்ற அளவில் நின்றுவிட்ட கட்டுரைகள் பல. அடித்தளத்துக்கும் மேற்கட்டுமானத்துக்கும் இடைப்பட்ட தொழிற்பாடுகளை, அதாவது புரவலர் முறை, சமய நிறுவனம், எழுத்தறிவின் பரம்பல், வடிவ மரபு முதலியவற்றை ஆராயாது இச்சொல் அவற்றின் இடத்தை நிரப்பியது. பொருளாதாரக் காரணி ஒன்றே அனைத்தையும் நிர்ணயிப்பது எனக் கொள்வது தமது கொள்கையைப் பொருளற்ற வாய்பாடாக்கிவிடும் என்று எங்கெல்ஸ் 1890இல் யோசப் புளொக்குக்கு எழுதிய கடிதத்தில் எச்சரித்துள்ளார். மார்க்சும் மூலதனத்தின் இரண்டாம் ஜேர்மன் பதிப்புக்கு 1873இல் எழுதிய பின்னுரையில் ஆய்ந்தறியும் முறையையும் எடுத்துரைக்கும் முறையையும் வேறுபடுத்தினார். பொருளின் அகத்தொடர்புகளைத் தேடிக் கண்ட பின்னரே அதன் இயக்கத்தை உரியவாறு எடுத்துரைத்தல் இயலும் என்பது அவர் கருத்து. இணைப்புச் சொல் எடுத்துரைத்தலைச் சேர்ந்தது. அது குறிக்கும் தொடர்போ ஆய்ந்தறிதலிற் கண்டடையப்பட வேண்டியது. கண்டடையாத தொடர்பைச் சொல்லால் உண்டாக்குதல் கருத்துமுதல்வாதமேயாகும். அதனைச் செய்பவர் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டாலும் அது அதுவே.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிபுகள் பெறப்படும்.

முதலாவது, ஆய்வேட்டின் அதிகாரம் ஒன்றை எழுதி முடித்ததும் அதிலுள்ள இணைப்புச் சொற்களை மாத்திரம் வரிசைப்படுத்திப் பார்த்தல் வேண்டும். மேலும், அத்துடன் என்பனவே நிறைந்திருப்பின் அங்கு தொகுப்பு உண்டு, வாதம் இன்னும் பிறக்கவில்லை என்பது வெளிப்படை. இரண்டாவது, ‘ஆகவே’ வருமிடந்தோறும் அதனை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் ‘எவ்வாறெனின்’ என்று எழுதித் தொடர முயல வேண்டும். தொடர முடியுமாயின் அவ்விளக்கமே ஆய்வேட்டில் இடம்பெற வேண்டியது. முடியாதாயின் ‘ஆகவே’ அங்கு நிற்கத் தகுதியற்றது. மூன்றாவது, உரையாசிரியர்களைப் போல ‘அற்றேல்’ என்று கேட்கும் ஒருவரை முன்னிருத்தி எழுதுதல் வேண்டும். மேற்பார்வையாளர் அப்பணியைச் செய்தல் நன்று. சக மாணவர் கூடிப் படித்துச் செய்தல் அதனினும் நன்று. நான்காவது, தொடர்பு உண்மையிலேயே வெளிப்படையாக உள்ளவிடத்து இணைப்புச் சொல் தேவையில்லை. வாக்கியந்தோறும் தலையில் ஒரு சொல்லைச் சூட்டுவது வாதத்தின் வலிமையைக் காட்டாது.

இவற்றைத் தனிமனித முயற்சிக்கே விட்டுவிடுதல் போதாது. ஆங்கிலம் புழங்கும் வீடுகளிலும் கட்டணப் பாடசாலைகளிலும் வளரும் மாணவர் வாதிடும் மொழியை ஆங்கிலத்தினூடாகவேனும் பெறுகின்றனர். துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையின் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும், மலையகத்திலிருந்தும், வன்னியிலிருந்தும் வரும் மாணவருக்குப் பாடசாலையும் பல்கலைக்கழகமுமே கதி. அங்கு அவர்களுக்குக் கலைச்சொற் பட்டியல் மாத்திரம் தரப்படுமாயின், பிறர் செய்த முடிபுகளின் பெயர்களை மட்டுமே அவர்கள் அறிவர். முடிபு செய்யும் ஆற்றல் பிறர் கையிலேயே தங்கியிருக்கும். தமிழ்மொழிமூல உயர்கல்வி தரம் குன்றியது என்ற கூற்றுக்கு ஆதாரம் தேடுவோர்க்கு அதுவே வசதியுமாகும்.

ஆகையால் உயர்பட்டப் படிப்பின் முதலாண்டிலேயே ஆய்வுரைநடைப் பயிற்சி ஒரு பாடமாதல் வேண்டும். இடையியலும் உரையாசிரியர்களின் தடைவிடை முறையும் இலக்கணத் தேர்வுக்குரியனவாக மட்டும் நில்லாது, அப்பாடத்தின் அடிப்படையாக வேண்டும். பரீட்சை விடைத்தாள்களில் புள்ளிகளுக்கன்றித் தொடர்புகளுக்கும் மதிப்பெண் வழங்கப்படல் வேண்டும். கலைச்சொல்லுக்காகக் கூடிய குழுக்களைப் போல, இதற்காகவும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் கூடி மாதிரிப் பகுதிகளைத் தொகுத்து வெளியிடலாம். தாய்மொழியிற் கற்கும் உரிமை போராடிப் பெறப்பட்டது. தாய்மொழியில் வாதிடும் ஆற்றலையும் அனைவர்க்கும் உரியதாக்கும்போதே அவ்வுரிமை நிறைவுபெறும்.